வரும் என்று சொன்ன வாய்

பத்திரத்தில் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது. ‘கலம் திரும்பி வந்து இறங்கும் இடம்: நிலமா, கடலா? குறிப்பிடவும்’ என்று கேட்டிருந்தது.

கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில், ஒரு பக்கம் பிஸ்கட் கம்பெனிக்கும் மறுபக்கம் டயர் கிடங்குக்கும் நடுவே ஒடுங்கி நிற்கும் கொட்டகைதான் ‘தூர்வாரி விண்கலங்கள்’. அன்று அங்கே காலையிலிருந்தே யாருக்கும் வேலை ஓடவில்லை. நார்வே நாட்டு முதலீட்டு நிதி ஒன்று தூர்வாரிக்குப் பணம் போடச் சம்மதித்துவிட்டது. கம்பெனியின் வரவுசெலவையும் முதலீட்டாளர்களையும் கவனித்துக்கொள்ளும் செய்யது இபுராகிம், டவுனுக்குப் போய் எல்லோருக்கும் அல்வா வாங்கி வந்திருந்தான். மற்ற ஊர்களில் அல்வா கொடுத்துவிட்டான் என்றால் ஏமாற்றிவிட்டான் என்று அர்த்தம். திருநெல்வேலியில் அல்வா கொடுத்தால் அது அல்வாதான். ஒரே சொல் ஊருக்கு ஊர் வேறு பொருள் தரும் என்பதை அன்றைக்கு அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள் இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துகொள்ளப் போகிறார்கள்.

பத்திரத்தைப் பொறுமையாகப் படித்துக்கொண்டிருந்தவன் வியாகப்பன் மட்டும்தான். உவரிப் பையன். கலத்தின் எஞ்சின் அவன் பொறுப்பு. கையில் அல்வா இலையோடு நிமிர்ந்து பார்த்தான்.

“அக்கா, எங்க இறங்கும்னு கேக்கான்.”

“எது?” என்றாள் முப்பிடாதி. அவள்தான் கம்பெனியைத் தொடங்கியவள்.

“நம்ம கலம்.”

“அது எங்கல இறங்கும்? அது எரிஞ்சில்லா போகும்!”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வியாகப்பன் சிரிக்கவில்லை. செய்யது அவன் கையில் பத்திரம் திறந்திருந்த கணினிப் பலகையைப் பிடுங்கிப் படித்தான். படிக்கப் படிக்க அவன் முகத்தில் அல்வாவின் நெய் மட்டும்தான் மினுங்கியது.

வானத்தில் குப்பை சேர்ந்துபோனது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஏவியவர்கள் ஏவிக்கொண்டே இருந்தார்கள், செத்துப்போன துணைக்கோள்களைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. தூர்வாரியின் கலம் மேலே போய், அப்படிச் செத்த ஒன்றை இரும்புக்கையால் கட்டிப்பிடித்து, கீழே இழுத்து வந்து, காற்று மண்டலத்தில் உரசி அதோடு சேர்ந்து தானும் எரிந்துபோகும். ஒரு குப்பைக்கு ஒரு கலம். முப்பிடாதியின் திட்டம் அவ்வளவுதான். அந்த இரும்புக்கை அவளுடைய கண்டுபிடிப்பு. சுழன்றுகொண்டே வரும் எதையும் அது நோகாமல் பிடித்துவிடும்.

ஆனால் குப்பை அள்ளுவதற்கு முதல் போட யாருக்கும் மனசு வரவில்லை. பெங்களூரில் ஒருவர், “ராக்கெட் கட்டுறீங்களா, இப்பவே காசு தாரேன்” என்றார். மும்பையில் ஒருவர், “ஐடியா பிரமாதம், ஆனா துப்புரவு வேலை அரசாங்கத்தோடது இல்லையா?” என்று கேட்டார். இன்னொருவர் கம்பெனியின் பெயரைக் கேட்டுவிட்டு மூக்கைச் சுளித்தார். மேலே ஏற்றுவது பெருமை, அள்ளிப் போடுவது யாரோ செய்கிற வேலை. இந்த நினைப்பு பூமியில் மட்டும்தான் இருக்கிறது என்று முப்பிடாதி நம்பியிருந்தாள். அது வானம் வரைக்கும் போயிருந்தது.

அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டது ‘சாட்சி’. சாட்சி ஓர் இயந்திரம். வாய்ச்சொல் சட்டம் வந்த பிறகு ஒப்பந்தம் பேசுகிற எல்லா மேசையிலும் அதுதான் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் அவரவர் மொழியில் பேசலாம். சாட்சி இருவர் காதிலும் மொழிபெயர்த்துச் சொல்லும், பேச்சு முடிந்ததும் பேசியதையெல்லாம் பத்திரமாக எழுதித் தரும். அதற்கு ‘சம்மதம்’ என்று வாயால் சொன்னால் அதுதான் கையெழுத்து. இங்கிலீஷும் வக்கீலும் இல்லாமல் நொடித்துப்போன சின்ன ஊர்க்காரர்களுக்கு அது வரமாகத்தான் வந்தது.

வரத்தோடு தொல்லையும் வந்தது. வாடகைக்கு வீடு பார்க்கப் போன ஒருவர், பிடிக்கவில்லை என்று சொல்ல மனமில்லாமல் ‘பார்ப்போம்’ என்று சொல்லி, மறுநாளும் வீட்டைப் பார்க்க வருவதாக ஒப்பந்தம் ஆகி அலைந்தார். ‘உங்க வீடு மாதிரி நெனைச்சுக்கோங்க’ என்று உபசரித்த ஒரு மாமியார் வழக்கு மன்றம் வரை போய் வந்தார். தமிழர்கள் இனி வாயை அளந்து பேசப் பழகுவார்கள் என்று பேராசிரியர்கள் எழுதினார்கள். பழகியதாகத் தெரியவில்லை.

“பேசுனத ஒரு தடவ கேப்போம்” என்றான் செய்யது.

சாட்சியில் பதிவாகியிருந்த பேச்சைப் போட்டார்கள். முப்பிடாதியின் குரல் உற்சாகமாக வந்தது. “எங்க கலம் போவும், செத்துப்போன அந்த சாட்டிலைட்டப் புடிக்கும், வேலைய முடிச்சிட்டு வந்துரும். நீங்க பயப்படவே வேண்டாம். போயிட்டு வந்துரும்.”

செய்யது நிறுத்தினான். “எங்க வரும்?”

“கீழ வரும்னு சொல்ல வந்தேன்.”

“கீழ வரும்னு சொல்லலியே. போயிட்டு வந்துரும்னு சொல்லுத.” மறுபடியும் ஓட்டினான். இன்னோர் இடத்தில், நிதியின் தலைவி இங்க்ரிட், கலத்தின் ஆயுள் எவ்வளவு என்று கேட்டிருக்கிறாள். முப்பிடாதி சொன்ன பதில்: “அது நல்லபடியா போயிட்டு வரட்டும், அப்புறம் பேசுவோம்.” கடைசியில் மாதிரிக் கலத்தைக் காட்டும்போதும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

சாட்சி இதை எப்படி எழுதும்? போகும், திரும்பி வரும் என்றுதான் எழுதியிருந்தது. முதல் பணியில் கலம் திரும்பாவிட்டால் கம்பெனியும் இரும்புக்கையின் உரிமையும் நிதிக்குச் சேரும் என்று அடுத்த பத்தி கூறியது. பணம் கொடுப்பவர்கள் கேட்கும் சாதாரண உத்தரவாதம்தான் அது.

“ஏ முப்பிடாதி, எதுக்கு அப்படிச் சொன்ன?”

“வேணும்னா சொன்னேன்? வாய்ல வந்துட்டு.”

செய்யது கதவைச் சாத்திவிட்டு வந்தான். அவன் மோசக்காரன் இல்லை. கல்லூரியிலிருந்து அவளோடு வருகிறவன், நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவன். ஆனால் இந்த மாதம் கொட்டகைக்கு வாடகை எங்கிருந்து வரும் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். இந்தப் பணம் வராவிட்டால் குலசேகரன்பட்டினம் ஏவுதளத்தில் அவர்களுக்கென்று ஒதுக்கிய ஏவுதல் வேறு யாருக்காவது போய்விடும். பிறகு தூர்வாரியைத் தூக்கி நிறுத்த முடியாது.

“இங்க பாரு. எழுதுனது மெஷினு. நாம ஏமாத்தல. கடல்னு போட்டுட்டு சம்மதம் சொல்லிரு. முதல் வேலை முடிய ரெண்டு வருசம் ஆவும். அதுக்குள்ள என்னெல்லாமோ மாறும்.”

“மாறலன்னா?”

“அப்பப் பாப்போம்.”

“அந்த அம்மா நம்பிக்கிட்டு இருக்காவ, செய்யது.”

“இங்க உள்ள பதினோரு பேரும் உன்னத்தான் நம்பிக்கிட்டு இருக்காவ. வியாகுக்குப் பொண்ணு பேசி முடிச்சாச்சு. நீ நல்லவள்னு பேரெடுக்கதுக்கு இவங்கெல்லாம் நடுத்தெருவுல நிக்கணுமா?”

அவளுக்குச் சுருக்கென்றது. எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போனாள். அங்கே பழைய மாதிரிக் கலங்களைக் குவித்துப் போட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

வாய்ல வந்துட்டு என்று சொன்னது பொய்யில்லை. அவர்கள் வீட்டில் ‘போறேன்’ என்ற சொல்லே கிடையாது. எல்லா வீட்டிலும் வழக்கம்தான் என்றாலும் அவர்கள் வீட்டில் அது கொஞ்சம் கடுமை. ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது தெரியாத்தனமாக ‘போறேன்’ என்றதற்கு அம்மா வாயிலேயே ஒன்று போட்டிருக்கிறாள். காரணம் அப்பாவின் வேலை. அப்பா செல்லையா ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி அடைப்பெடுத்துக்கொண்டிருந்தார். காலையில் வாசலில் நின்று, “நான் வாரேன்” என்பார். அம்மா உள்ளேயிருந்து, “வாங்க” என்பாள். கிளம்புகிறவரை வாங்க என்று அழைப்பது எந்த ஊர் இலக்கணம் என்று முப்பிடாதி அப்போது யோசித்ததில்லை.

அவள் ஒன்பதாவது படித்தபோது ஒருநாள் அவர் வாரேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. குழிக்குள் விஷவாயு இருந்தது. அடைப்பை உறிஞ்சி எடுக்கிற வண்டி ஒப்பந்தக்காரரின் கொட்டடியில் சும்மா நின்றுகொண்டிருந்தது. அதை ஏன் எடுக்கவில்லை என்று விசாரணையில் கேட்டார்கள். ஒப்பந்தக்காரர் மழுப்பவெல்லாம் இல்லை, இருந்ததைச் சொன்னார். “ஆளை இறக்கினா கம்மிங்க.”

கம்மி. அந்தச் சொல்லை முப்பிடாதி இருபது வருஷமாக மறக்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது அதே சொல் வேறொரு குரலில் காதில் விழுந்தது. அவளுடைய குரலில். கம்பெனி தொடங்கிய புதிதில் வியாகப்பன் ஒரு நீளக் கயிற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். கலத்தைக் காப்பாற்றிவிடலாம் என்றான். கயிறு செய்யவும் சோதிக்கவும் வருஷக்கணக்கில் ஆகும் என்று தெரிந்ததும் அவள்தான் சொன்னாள். “கயிறெல்லாம் வேண்டாம் வியாகு. கலத்த எரிச்சிட்டாக் கம்மி.”

இரும்புக்கு வலிக்காது. அது அவளுக்குத் தெரியாதா என்ன? ஒரு தகரப் பெட்டி எரிவதும் மனிதன் சாவதும் ஒன்றில்லை, ஒன்று என்று சொன்னால் அப்பாவுக்கே அடுக்காது. ஆனாலும் வெட்கமாக இருந்தது. அள்ளப் போகிறதைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டா என்று அவள் ஒரு முழு நாள்கூட யோசித்ததில்லை. எது மலிவு என்று மட்டும்தான் பார்த்திருக்கிறாள். அந்தக் கணக்கை அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அப்பாவை இறக்கிவிட்டவரிடமிருந்தே படித்திருக்கிறாள். அவளுடைய மூளை அதைக் கற்றுக்கொண்டுவிட்டது, வாய் மட்டும் கற்றுக்கொள்ள மறுத்து ‘வரும் வரும்’ என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

கொஞ்சம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், செய்யது தடுக்கத் தடுக்க, இங்க்ரிடைக் கூப்பிட்டாள்.

இங்க்ரிட் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த, அதிகம் சிரிக்காத பெண். அவள் பேசுவதைச் சாட்சி வானொலிச் செய்தி போலத் தமிழில் சொல்லும். முப்பிடாதி நடந்ததையெல்லாம் சொன்னாள். கலம் எரிந்துபோகும், எரிவதற்கென்றே செய்யப்பட்டது, வரும் என்று சொன்னது எங்கள் ஊர் வழக்கம், போகிறது என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

இங்க்ரிட் எதையோ குறித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“உண்மையைச் சொன்னதற்கு நன்றி கூறுகிறேன்” என்றது காதில் குரல். “ஆனால் அதற்குப் பரிசாக என்னால் எதுவும் தர இயலாது. எங்கள் நிதி மீனவர்களுடையது. அவர்களுடைய முதுமைக்காகச் சேர்த்த பணம் இது. திரும்பி வராத ஒன்றின் மீது இதைப் போடுவதில்லை என்பது எங்கள் முதல் விதி. உங்கள் கலம் திரும்பும் என்று கேட்டதால்தான் குழு சம்மதித்தது. பிற நிறுவனங்கள் அனைத்தும் எரிப்பதாகவே கூறின.”

“அப்ப பத்திரத்த ரத்து செஞ்சிரவாம்மா?”

“அது உங்கள் முடிவு. இந்த வாரம் முடியும் வரை பத்திரம் திறந்திருக்கும். நீங்கள் சொன்னது உண்மையாகுமானால் சம்மதம் கூறுங்கள். ஆகாது என்றால் விட்டுவிடுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் உங்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை.”

இணைப்பு அறுந்ததும் செய்யது அல்வா இலைகளையெல்லாம் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட ஆரம்பித்தான். கோபம் வந்தால் அவன் இடத்தைச் சுத்தம் செய்வான்.

“வியாகு” என்றாள் முப்பிடாதி. “அந்தக் கயிறு ஞாபகம் இருக்கா?”

வியாகப்பன் கண் விரிந்தது. “மறப்பனா? நீங்கதான் வேண்டாம்னு தூக்கிப் போட்டிய.”

“நான் தூக்கிப் போட்டது தப்பு. செய்யதுக்குப் புரியுறமாரி சொல்லு.”

“எனக்குப் புரிஞ்சு என்ன ஆவப் போவுது?” என்றான் செய்யது, துடைப்பத்தோடு.

“அண்ணே, கேளுங்க. நம்ம கலம் மேல, குப்ப கீழ, நடுவுல கிலோமீட்டர் கணக்குல கயிறு. ரெண்டும் ஒண்ணாச் சுத்தும். கீழ இருக்க குப்பைக்கு அந்த உயரத்துல நிக்கத் தேவையான வேகம் இருக்காது. மேல இருக்க நம்ம கலத்துக்கு வேகம் தேவைக்கு மேல இருக்கும். கயித்தப் புடிச்சிருக்கதாலதான் ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. இப்பக் கயித்த விட்டா?”

செய்யது துடைப்பத்தை நிறுத்தினான். “குப்ப விழுந்துரும்.”

“விழுந்து காத்துல எரிஞ்சிரும். நம்ம கலம்?”

“நிக்குமா?”

“நிக்காது. மேல ஏறும்! குப்ப தன் வேகத்த நமக்குக் குடுத்துட்டுப் போவுது. எண்ணெய் செலவில்ல. கயித்தச் சுருட்டிக்கிட்டு முன்ன நின்ன உயரத்துக்குப் போயி அடுத்த குப்பையப் புடிக்க வேண்டியதுதான்.”

“அடுத்ததா? அப்ப ஒரு கலம் எத்தன குப்ப எடுக்கும்?”

“கயிறு இத்துப்போற வரைக்கும்.”

செய்யது துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். விரல்விட்டு எதையோ கணக்குப் பார்த்தான். முகத்தில் இருந்த கோபம் எங்கே போவது என்று தெரியாமல் தயங்கியது. “இத ஏம்ல முதல்லயே சொல்லல?” என்று வியாகப்பனைப் பார்த்துக் கத்தினான். “ஒரு குப்பைக்கு ஒரு கலம்னு போய்ப் போயி எல்லாவன்கிட்டயும் நான் அவமானப்பட்டேன்!”

“கயிறு வெளிய வரும்போது சிக்கும்ணே” என்றான் வியாகப்பன், குரல் இறங்கி. “எத்தனையோ நாட்டுக்காரன் பண்ணிப் பாத்துத் தோத்துருக்கான். அதான் சங்கடம். நமக்கும் சிக்குச்சுன்னா கம்பெனி அந்த அம்மாவுக்குப் போயிரும். அக்காவோட இரும்புக்கையும் போயிரும்.”

பக்கத்துக் கம்பெனியிலிருந்து பிஸ்கட் வெந்துகொண்டிருக்கும் வாசனை வந்தது. எல்லாவற்றையும் இழக்கப் போவது முப்பிடாதிதான் என்பதால் மற்ற இருவரும் அவளையே பார்த்தார்கள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கம் போயிருந்தது, அதுவே பெரிய தெம்பாக இருந்தது.

மறுநாள் இங்க்ரிடிடம் பேசினாள். வரும், ஆனால் நிலத்துக்கும் இல்லை கடலுக்கும் இல்லை, தான் நின்ற உயரத்துக்கு வரும் என்றாள். கயிறு சிக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. இங்க்ரிட் யாரிடமோ கலந்துகொண்டு திரும்பி வந்தாள். “எங்கள் படகுகளும் வீட்டுக்குள் வந்து படுத்துக்கொள்வதில்லை. துறைமுகத்துக்குத்தான் வருகின்றன. அந்த உயரத்தைத் துறைமுகம் என்று எழுதிக்கொள்ளலாம்” என்றாள். அவள் சிரித்ததை முப்பிடாதி அன்றுதான் பார்த்தாள்.

“சம்மதம்” என்றாள் முப்பிடாதி. சாட்சி எழுதிக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அனுபவித்தவர்களுக்குத்தான் அது நீளம். கயிறு தயாராகாததால் குலசேகரன்பட்டினத்து ஏவுதல் அந்த வருஷம் அவர்கள் கையை விட்டுப் போனது. மூடிக்கிடந்த ஒரு பஞ்சாலையை வாடகைக்கு எடுத்து, நூல் சுற்றுகிற உருளைகளையெல்லாம் கழற்றிவிட்டு, அங்கே கயிற்றைச் சுற்றவும் விடவும் பழகினார்கள். கயிறு சிக்கியது. சுற்றுகிற முறையை மாற்றினால் வேறு மாதிரிச் சிக்கியது. சிக்கெடுக்க உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் போய்விடும். முப்பிடாதியின் அம்மா இரண்டொரு முறை வந்து பார்த்துவிட்டு, “ராக்கெட் விடுதேன்னு சொல்லிட்டு வலைக்காரன் மாரி கயிறு பிரிச்சிக்கிட்டு இருக்க” என்றாள். சொந்தக்காரர்கள் கேட்டால் மட்டும், மகள் ராக்கெட் விடுகிறாள் என்றே சொன்னாள். வியாகப்பனின் கல்யாணம் இரண்டு முறை தள்ளிப்போய் மூன்றாவது முறை நடந்தது. சம்பளம் தாமதமான மாதங்களில் இரண்டு பேர் வேறு வேலைக்குப் போனார்கள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இருந்துவிட்டார்கள்.

ஒருவழியாகக் கலம் மேலே போனது. அன்று மத்தியானம் கொட்டகையில் நிற்க இடமில்லை, முப்பிடாதியின் அம்மாவும் வந்திருந்தாள். இரும்புக்கை, பழைய வானிலைத் துணைக்கோள் ஒன்றைப் பிடித்தது. அது எதிர்பார்த்ததுதான், முப்பிடாதியின் கை இதுவரை எதையும் தவறவிட்டதில்லை. பிறகு கயிறு இறங்க ஆரம்பித்தது. திரையில் ஒரு கோடு மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போனது. பாதியில் கோடு நின்றது. செய்யது கண்ணை மூடிக்கொண்டான். வியாகப்பன் கயிற்றைக் கொஞ்சம் உள்ளே இழுத்து மறுபடி விட்டான். கோடு நகர்ந்தது.

முழுக் கயிறும் இறங்கிய பிறகு முப்பிடாதி தலையசைத்தாள். வியாகப்பன் பொத்தானை அமுக்கினான். குப்பை கழன்றது. அந்த நொடியிலேயே கலம் கிழக்குத் தொடுவானத்துக்குக் கீழே மறைந்து தொடர்பும் அறுந்தது. கழன்றது குப்பை மட்டும்தானா, கலமும் கூடவே இழுபட்டு விழுந்துவிட்டதா என்பது அது உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி தலைகாட்டினால்தான் தெரியும். அவ்வளவு நேரமும் கொட்டகையில் யாரும் உட்காரவில்லை. தண்ணீர் குடிக்கப் போனவன்கூட நின்றுகொண்டேதான் குடித்தான்.

பழைய சுற்றின் கணக்கில் வர வேண்டிய நேரம் வந்தது. எந்தச் சத்தமும் இல்லை. அந்த நேரம் தாண்டியும் போனது. போய்விட்டது என்று முப்பிடாதியின் மனம் சொன்னது, வாயில் அந்தச் சொல்லை வரவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“அக்கா!” என்று வியாகப்பன் கத்தினான். “மேல ஏறிட்டுல்லா, சுத்து பெருசாயிட்டு! அதான் லேட்டு. அந்தா, வந்துட்டு! வந்துட்டுக்கா!”

திரையில் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி. முப்பிடாதி வாய்விட்டு அழுதாள். நடுத்தர வயதில் ஒரு கம்பெனித் தலைவி தகரப் பெட்டி ஒன்று திரும்பி வந்ததற்காக அப்படி அழுதது பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். அம்மா மட்டும் ஒன்றும் கேட்காமல் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அந்த ஒரே கலம் அதற்குப் பிறகு குப்பை அள்ளிக்கொண்டே இருந்தது. மூக்கைச் சுளித்தவர்களும் அரசாங்க வேலை என்றவர்களும் இப்போது கங்கைகொண்டானைத் தேடி வந்தார்கள். ஒரு குப்பைக்கு ஒரு கலம் என்றபோது கசந்தது, ஒரு கலத்துக்கு எண்ணற்ற குப்பை என்றதும் இனித்துவிட்டது. செய்யது அவர்களைப் பிஸ்கட் கொடுத்துக் காத்திருக்கவைத்தான். அதில் அவனுக்கு இருந்த சந்தோஷத்தைக் குறை சொல்ல முடியாது.

சில வருஷங்கள் கழித்து அதே மேசையில் பெரியதொரு பேச்சுவார்த்தை நடந்தது. இந்த முறை குப்பை அள்ளுவதல்ல, பழுதுபட்ட துணைக்கோள்களை அங்கேயே போய்ச் சரிசெய்வது. கயிற்றின் மேல் முனையில் ஒரு சின்ன அறை இருக்கும், அதில் இரண்டு மனிதர்கள் போவார்கள். முதலில் போகிற இருவரில் ஒருவன் வியாகப்பன். அவன் மனைவி சம்மதித்திருந்தாள், ஆனால் நிறையக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தாள். எதிரே இங்க்ரிடோடு இன்னும் நான்கைந்து நாடுகளின் முதலீட்டாளர்கள் திரையில் இருந்தார்கள். முப்பிடாதி தன் வழக்கப்படியே பேசினாள். நம்ம ஆளுங்க போவாங்க, வேலைய முடிப்பாங்க, போயிட்டு வந்துருவாங்க.

பேச்சு முடிந்தது. சாட்சி பத்திரத்தை எழுதிக் காட்டியது. இவ்வளவு காலத்தில் அதுவும் தமிழை நன்றாகப் படித்திருந்தது.

“ஒரு விளக்கம்” என்றது சாட்சி. “உங்கள் வட்டாரப் பேச்சில் ‘போயிட்டு வந்துருவாங்க’ என்பது விடைபெறும்போது கூறும் மங்கலச் சொல் மட்டுமே என்பதை இப்போது அறிந்திருக்கிறேன். எனவே அதை வாக்குறுதியாகக் கொள்ளவில்லை. செல்லும் இருவரைத் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு நிறுவனத்தின் மீது எழுதப்படவில்லை. இதனால் உங்கள் காப்பீட்டுச் செலவு வெகுவாகக் குறையும். முந்தைய பிழைக்கு வருந்துகிறேன்.”

திரையில் இருந்த முதலீட்டாளர்கள் இரண்டு பேர் திருப்தியாகத் தலையாட்டினார்கள். செலவு குறைந்தால் யாருக்குத்தான் கசக்கும்? முப்பிடாதி வாயைத் திறக்கப் போனாள்.

அதற்குள் செய்யது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சாட்சியைப் பார்த்துக் குனிந்தான்.

“நீ அன்னைக்கு மொதல்ல எழுதுனதுதான் சரி. பழையபடியே எழுது” என்றான். “எங்க ஊர்ல வருவாங்கன்னா, வருவாங்க.”